பூவுக்கும் பிஞ்சுக்கும் நடுவே

பெங்களூரில் மாடித்தோட்டம் போடும் தமிழ்க் குடும்பங்கள் என்னிடம் அதிகம் கேட்பது விதை முளைப்பதைப் பற்றி அல்ல. "விதை முளைச்சுது, கொடி கைப்பிடிச் சுவர் தாண்டிப் படர்ந்துது, பூவும் நிறையப் பூக்குது. காய் மட்டும் பிடிக்கலை. என்ன உரம் போடலாம்?" என்பதுதான் கேள்வி. காக்ஸ் டவுனிலிருந்தும் கேட்கிறார்கள், ராமமூர்த்தி நகரிலிருந்தும் கேட்கிறார்கள். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் உரத்தில் குறை இருக்காது. இலை கரும்பச்சையாக, உள்ளங்கை அகலத்துக்கு விரிந்திருக்கும். குறை இருக்கும் இடம் பூ. விதைக்கு நாம் காட்டும் அக்கறையில் பாதியைக்கூடப் பூவுக்குக் காட்டுவதில்லை. விதை எப்படிக் காயாகிறது என்பதை முழுதாகச் சொன்னால்தான் இது விளங்கும் என்று தோன்றுவதால், தொடக்கத்திலிருந்தே எழுதுகிறேன்.

நன்றாக உலர்ந்த விதையில் ஈரம் மிகக் குறைவு, எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இருக்கும். உயிர் இருக்கிறது, ஆனால் மூச்சு மிக மெல்ல நடக்கிறது. தண்ணீர் பட்டதும் விதை உப்புகிறதே, அதை வைத்து முளைப்பு தொடங்கிவிட்டது என்று சொல்ல முடியாது. செத்த விதையும் உப்பும். உயிருள்ள விதையில் அதற்குப் பிறகு நடப்பதுதான் விஷயம். நெல், கேழ்வரகு போன்ற தானியங்களில், நனைந்த கரு ஜிப்பரெலின் என்ற வளர்ச்சிப் பொருளைச் சுரந்து அனுப்புகிறது. அது சேமிப்பைச் சுற்றியிருக்கும் மெல்லிய உயிரணு அடுக்கை எழுப்புகிறது. அந்த அடுக்கு விடும் நொதிகள் மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரையாக்குகின்றன. முளைகட்டிய கேழ்வரகை அரைத்துக் கஞ்சி காய்ச்சினால் சர்க்கரை போடாமலேயே லேசாக இனிப்பது இதனால்தான். ஜிப்பரெலினைக் கண்டுபிடித்த கதையும் வயலில் தொடங்கியதுதான். நெல் நாற்றுகள் மட்டுமீறி உயர்ந்து, வெளிறிச் சாய்ந்துபோகும் ஒரு நோயை ஆராய்ந்த எய்ச்சி குரோசாவா என்ற ஜப்பானியர், அதற்குக் காரணம் ஒரு பூஞ்சை வெளிவிடும் பொருள் என்று 1926இல் காட்டினார். அந்தப் பொருள்தான் ஜிப்பரெலின்.

முதலில் வெளியே வருவது வேர். விதையை எப்படிக் கிடத்தினாலும் வேர் கீழ்நோக்கித் திரும்பிவிடும். வேர்நுனி உறைக்குள் இருக்கும் கனமான மாவுமணிகள் கீழ்ப்பக்கம் சரிந்து படிவதை வைத்து அது திசையை அறிகிறது. பிறகு தண்டு. அவரையில் தண்டு கொக்கிபோல வளைந்து, முதுகால் மண்ணை முட்டிக்கொண்டு, இரண்டு பருப்பையும் மேலே இழுத்து வரும். துவரையில் பருப்பு மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும், குருத்து மட்டும் வெளியே வரும். இரண்டுமே பயறுதான், வழிதான் வேறு. அந்தப் பருப்பு கட்டுச்சோறு. சொந்த இலை விரிந்து வெயிலில் சமைக்கத் தொடங்கும்வரைதான் அது தாங்கும். அதனால் விதை சிறியதாக இருந்தால் மேலாக விதைக்க வேண்டும். கீரை விதையை ஆழமாகப் புதைத்தால் மேலே வருமுன்பே சோறு தீர்ந்துவிடும்.

இந்த ஊரோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய ஒரு காய் சௌசௌ. நம் பக்கத்தில் பலர் இதைப் பெங்களூர் கத்திரிக்காய் என்பார்கள். பிறந்த இடம் மெக்சிகோ பக்கம். வாங்கி வந்து சமையலறை மூலையில் மறந்துவிட்டால் அகன்ற முனையில் பிளவு கண்டு அதிலிருந்து முளை நீட்டும். ஒரு காய்க்கு ஒரே விதை, அந்த விதை காய்க்குள்ளேயே முளைத்துவிடும். விதையைத் தனியே எடுத்து நடும் பேச்சே இல்லை. காயையே பாதி புதைக்க வேண்டும். பிள்ளைகளுக்கு முளைப்பைக் காட்ட நினைப்பவர்கள் வழக்கமாகக் கொண்டைக்கடலையை ஈரத்துணியில் கட்டுவார்கள். நான் சௌசௌவைத்தான் சொல்வேன். காயும் விதையும் தாயும் பிள்ளையுமாக இருப்பதை அதில் கண்ணாலேயே பார்க்கலாம்.

செடி பெரிதாவதைப் பற்றி ஒன்று மட்டும். செடி மண்ணைத் தின்று வளர்வதில்லை. பெல்ஜியத்து வான் ஹெல்மான்ட் இருநூறு பவுண்டு உலர்மண்ணில் ஒரு வில்லோ கன்றை நட்டு, ஐந்து ஆண்டு தண்ணீர் மட்டுமே ஊற்றினார். மரம் 169 பவுண்டுக்கு வளர்ந்திருந்தது, மண்ணில் குறைந்ததோ சுமார் இரண்டு அவுன்ஸ். 1648இல் வெளியான இந்தக் கணக்கை வைத்து, மரம் முழுக்கத் தண்ணீரால் ஆனது என்று அவர் முடிவு கட்டினார். அந்த எடையின் பெரும்பகுதிக்குக் காற்றிலிருந்த கரியமில வாயுவும் வேண்டியிருந்தது என்பது பின்னால்தான் தெரிந்தது. மண்ணிலிருந்து செடி எடுப்பது கொஞ்சம்தான், ஆனால் அந்தக் கொஞ்சம் சரியாக அமைய வேண்டும். தழைச்சத்தை மட்டும் அள்ளி அள்ளிக் கொடுத்தால் கொடி இலையாகவே வளர்ந்துகொண்டிருக்கும்.

இனி, பூ.

எங்கள் கீழ்வீட்டு அக்கா திருவண்ணாமலைப் பக்கம். ஊருக்குப் போய்த் திரும்பும்போது ஒரு காகிதப் பொட்டலத்தில் சாம்பல் கலந்த அவரை விதை கொண்டுவந்து கொடுத்தார். ஆடிப்பட்டம் தேடி விதை என்று பழமொழியே இருக்கிறது. மாடியில் இரண்டு பைகளில் ஊன்றினோம். ஆவணி போயிற்று, புரட்டாசி போயிற்று. பந்தல் நிறைய இலை, ஒரு மொட்டுகூட இல்லை. நான் கேட்டபோது அக்கா கவலைப்படவே இல்லை. "ஆடியில போட்டாலும் ஆவணியில போட்டாலும் பனி விழுந்தாதான் தம்பி இது பூக்கும். அதுவரைக்கும் தண்ணிய ஊத்திட்டு சும்மா இரு. உரத்தக் கிரத்தப் போட்டுடாத." அக்கா சொன்னபடியே பனி விழத் தொடங்கியபோது கொத்துக்கொத்தாக ஊதாப் பூ வந்தது.

அந்த அனுபவ அறிவு அசைக்க முடியாதது. அதன் உள்ளே இருக்கும் காரணம் இன்னும் அழகானது. நாட்டு அவரை பனியை அளப்பதில்லை, இரவை அளக்கிறது. பெங்களூர் நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே 13 பாகையில் இருக்கிறது. ஜூன் கடைசியில் இங்கே பகல் 13 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு, டிசம்பர் கடைசியில் பதினொன்றரைக்கும் சற்றுக் குறைவு. ஆறு மாதத்தில் ஒன்றரை மணி நேர வித்தியாசம். நமக்கு அது உறைப்பதே இல்லை. கொடிக்குத் தெரிகிறது. இரவு ஒரு குறிப்பிட்ட நீளத்தைத் தாண்டினால்தான் அது பூக்கும். பனியும் நீண்ட இரவும் சேர்ந்தே வருவதால் அக்காவின் கணக்கு தப்புவதில்லை.

செடிகள் நாளின் நீளத்தைப் படிக்கின்றன என்பதை அமெரிக்க வேளாண் துறையின் கார்னர், அல்லார்டு இருவரும் 1920இல் வெளியிட்டார்கள். கோடை முழுக்கப் பூக்காமல் ஆளுயரத்துக்கு மேல் போய்க்கொண்டிருந்த ஒரு புகையிலை ரகத்தைத் தினமும் இருட்டறைக்குள் தள்ளிப் பகலைக் குறைத்தார்கள். பூத்துவிட்டது. செடி உண்மையில் எண்ணுவது பகலை அல்ல, இடைமுறியாத இருட்டை என்பது 1938இல் ஹாம்னர், பானர் செய்த சோதனைகளில் தெளிவாயிற்று. நீண்ட இரவின் நடுவே சற்று நேரம் விளக்கைப் போட்டால் போதும், பூக்க வேண்டிய செடி பூக்காமல் நின்றுவிடும். இருட்டை உணர்வது இலை, பூப்பது தண்டின் நுனி. இலையிலிருந்து நுனிக்குச் செய்தி கொண்டுபோகும் பொருள் ஒன்று இருந்தாக வேண்டும் என்று ரஷ்ய அறிவியலாளர் சைலாக்கியான் 1930களில் சொன்னார். அது ஒரு புரதம் என்று 2007இல்தான் உறுதியானது.

இதைப் படித்த பிறகு எங்கள் மாடியில் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. தெருவில் வெள்ளை எல்இடி விளக்கு வந்த பின், விளக்கின் பக்கமாகப் படர்ந்த கொடி மற்றதைவிடப் பிந்தியே பூத்தது. இரண்டுக்கும் ஒரே விதை, ஒரே மண், ஒரே கை ஊற்றிய தண்ணீர். இரவு முழுக்க வெளிச்சம் விழும் பால்கனியில் நாட்டு அவரை பூக்கவில்லை என்று யாராவது சொன்னால், பையை இருட்டான மூலைக்கு நகர்த்தச் சொல்கிறேன். இல்லையென்றால் ஹெப்பாளில் உள்ள வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஹெப்பாள் அவரை ரகங்கள் இருக்கின்றன. எச்ஏ 3, எச்ஏ 4 போன்றவை இரவின் நீளத்தைப் பொருட்படுத்தாமல் எந்தப் பருவத்திலும் பூக்கும். வசதிதான். ஆனால் மார்கழி, தை மாதங்களில் வி.வி.புரம் பக்கம் அவரைக்காய் மேளா களைகட்டும்போது, மூக்கைத் துளைக்கும் அந்த மணம் காலத்தோடு வரும் காயில்தான் முழுதாக இருக்கிறது என்று இந்த ஊர்க்காரர்கள் சொல்வார்கள். நானும் அவர்கள் கட்சி.

பூத்துவிட்டது. அடுத்தது காய்ப்பிடிப்பு. இங்கேதான் பரங்கிக் கொடி வைத்தவர்கள் மனம் உடைகிறார்கள்.

பரங்கியில் ஆண்பூ தனி, பெண்பூ தனி. முதலில் வருவது பெரும்பாலும் ஆண்பூதான், நீண்ட மெல்லிய காம்பில் நிற்கும். அது விழுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அதன் வேலை அவ்வளவே. சில நாள் கழித்துப் பெண்பூ வரும். இதழுக்குக் கீழே குட்டிப் பரங்கி ஒன்று உருண்டையாகத் தெரியும். அதைக் கண்டதும் "காய் வந்துடுச்சு" என்று வீட்டில் எல்லோரும் மகிழ்ந்துபோவார்கள். அது காயல்ல, இன்னும் சூலகம்தான். விடியற்காலை இதழ் விரிந்து நண்பகலுக்கு முன்னே மூடிவிடும். அந்தச் சில மணி நேரத்தில் ஆண்பூவின் மகரந்தம் பெண்பூவின் நடுவில் இருக்கும் பிசுபிசுப்பான சூல்முடியைத் தொட வேண்டும். தொடாவிட்டால் பிஞ்சு மஞ்சளாகி, வெம்பி, சில நாளில் உதிரும். ஒவ்வொரு கொடிக்கும் ஒரு நேரம் உண்டு. பீர்க்கை மாலையில் மலரும். சுரைக்காயின் வெள்ளைப் பூவும் சாயங்காலம் விரிந்து இரவெல்லாம் திறந்திருக்கும், அந்துப்பூச்சிகள் வரும். புடலை ஓரமெல்லாம் நூல் நூலாகப் பிரிந்த வெள்ளைப் பூவை இரவில்தான் விரிக்கும். சுரைக்கொடிக்குக் காலை பத்து மணிக்குக் கையால் மகரந்தம் தொடுவதால் பலன் குறைவு.

மகரந்தத்தூள் சூல்முடியில் ஒட்டியதும் அதுவும் விதையைப் போலவே முளைக்கிறது. மெல்லிய குழாய் ஒன்றை நீட்டிச் சூலகத்துக்குள் இறங்கி, விதையாகப் போகும் ஒவ்வொரு சூலையும் தேடிப் போகிறது. அந்தக் குழாயில் இரண்டு ஆண் அணுக்கள் பயணம் செய்கின்றன. ஒன்று கருமுட்டையோடு சேர்ந்து வருங்காலச் செடியாகிறது. இன்னொன்று பக்கத்திலிருக்கும் நடு உயிரணுவோடு சேர்ந்து கருவுக்கான உணவாகிறது. இந்த இரட்டைக் கருவுறுதலை 1898இல் ரஷ்யாவின் நவாஷின் லில்லி இனப் பூக்களில் கண்டார். நமக்கு இதைப் புரிந்துகொள்ள லில்லி வேண்டாம், இளநீர் போதும். இளநீரும் வழுக்கையும் அந்த இரண்டாவது சேர்க்கையால் உண்டான உணவு. கரு என்னவோ தேங்காய்க் கண்ணுக்கு அடியில் கடுகு போல ஒளிந்திருக்கும். முளைத்த தேங்காயை உடைத்தால் பஞ்சு மாதிரி ஒரு பூ இருக்குமே, அது அந்தக் கருவின் வித்திலை (அவரையில் பருப்பு என்றோமே, அதுதான்), உள்ளே வளர்ந்து வந்து உணவை உறிஞ்சுகிறது. அவரையிலும் பரங்கியிலும் இந்த உணவைக் கரு விதை முற்றுமுன்பே உறிஞ்சித் தன் வித்திலைகளில் வைத்துக்கொள்கிறது. இந்த நுணுக்கங்களில் இந்தியர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பஞ்சானன் மகேஸ்வரியின் குழு 1962இல் கசகசாச் செடியின் சூல்களைச் சோதனைக்குழாயில் வைத்து, அங்கேயே மகரந்தம் தூவிக் கருவுறச் செய்து விதை உண்டாக்கிக் காட்டியது.

ஒரு விதைக்கு ஒரு மகரந்தத்தூள். இதை மனத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டும். ஒரு பரங்கியில் நூற்றுக்கணக்கில் விதை இருக்கும், அத்தனைக்கும் தனித்தனியே தூள் வந்து சேர வேண்டும். ஒரு தேனீ ஒரு தடவை உட்கார்ந்து போனால் போதாது. குறைவாக வந்தால் என்ன ஆகும்? காய் கோணலாகும். ஒரு பக்கம் பருத்து மறுபக்கம் சூம்பிய பரங்கியையோ சுரைக்காயையோ வெட்டிப் பாருங்கள். பருத்த பக்கத்தில் நல்ல விதை இருக்கும், சூம்பிய பக்கத்தில் வெறும் பொக்குதான் இருக்கும். 1950இல் நிட்ச் என்ற ஆய்வாளர் ஸ்ட்ராபெரியின் மேல் ஒட்டியிருக்கும் விதைமணிகளைப் பிஞ்சிலேயே கிள்ளிவிட்டார். கிள்ளிய இடம் வளரவே இல்லை, விட்டுவைத்த இடம் மட்டும் உப்பியது. மணிகளை எல்லாம் எடுத்துவிட்டு ஆக்சின் என்ற வளர்ச்சிப் பொருளைத் தடவினால் பழம் வளர்ந்தது. ஆக, வளரும் விதை ஆக்சினைச் சுரந்து தன்னைச் சுற்றியிருக்கும் சதையைப் பெருக வைக்கிறது. காய் விதையை வளர்ப்பதாகத்தான் நாம் நினைக்கிறோம். காயை வளர்ப்பது விதை. விதையில்லாமல் காய்க்கும் வாழை போன்றவை உண்டு, அவை விலக்கு. தேங்காய்ப்பாலும் மோரும் கலந்து புளிக்கவைத்த தேமோர் கரைசல் தெளித்தால் பூ உதிராது என்று நம் விவசாயிகள் சொல்வார்கள், பலர் பயன்படுத்துகிறார்கள். தெளியுங்கள். ஆனால் மகரந்தம் படாத பெண்பூவுக்கு எந்தக் கரைசலும் மகரந்தம் ஆகாது.

தக்காளியின் கதை வேறு. ஒரே பூவில் இரண்டும் உண்டு, தன் மகரந்தமே போதும். ஆனால் மகரந்தப்பைகள் கூம்பாக ஒட்டி மூடியிருக்கும். அதிர்ந்தால்தான் தூள் கொட்டும். கருவண்டும் நீலப்பட்டைத் தேனீயும் பூவைக் கட்டிப்பிடித்துச் சிறகுத் தசையை விர்ரென்று அதிர வைத்து உதிர்க்கும். சாதாரணத் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. திறந்த மாடியில் காற்றே ஓரளவு ஆட்டிவிடும். கண்ணாடி போட்டு மூடிய பால்கனியில் காற்றும் இல்லை, வண்டும் இல்லை. காலை வெயில் ஏறியபின் பூக்கொத்தின் காம்பை விரலால் லேசாகச் சுண்டிவிடுங்கள், பிஞ்சு பிடிக்கும். இரவு வெப்பம் 25 டிகிரிக்குக் குறையாமல் நின்றால் தக்காளி மகரந்தம் வலுவிழக்கும். சென்னை மே மாதத்தில் பூ எல்லாம் கொட்டுவது அதனால். பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இரவு குளிர்ந்துவிடும். பக்கத்துக் கோலாரில் ஆசியாவின் பெரிய தக்காளிச் சந்தைகளில் ஒன்று இருப்பதிலும் இந்த இரவுக்குப் பங்கு உண்டு.

தேனீயைப் பற்றிச் சொல்லும்போது எனக்குக் கோபமும் வருகிறது, வருத்தமும் வருகிறது. மழைக்காலம் முடிந்ததும் மலைத்தேனீக் கூட்டங்கள் இந்த ஊருக்கு வந்து, உயர்ந்த கட்டடங்களின் சன்ஷேடிலும் தண்ணீர்த்தொட்டியின் அடியிலும் பெரிய ஒற்றை அடையாகக் கூடு கட்டும். நான் அப்போது இருந்த குடியிருப்பில் அப்படி ஒரு கூடு வந்தது. இரவில் ஆள் வைத்து மருந்தடித்துக் கொன்றார்கள். காலையில் மாடிப்படி நெடுக இறந்த தேனீக்கள், வாரிக் குப்பையில் போட்டார்கள். பிள்ளைகளைக் கொட்டிவிடும் என்ற பயம் நியாயமானது, நான் மறுக்கவில்லை. ஆனால் அவை நிரந்தரமாகத் தங்க வந்தவை அல்ல. சில மாதத்தில் தாமாகவே அடையை விட்டுக் கிளம்பிவிடும். அந்தப் பக்க ஜன்னலை மூடி, இரவில் விளக்கை அணைத்து, வெடி வெடிக்காமல் இருந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அந்தப் பருவம் முழுக்க எங்கள் மாடியில் பரங்கிப் பூவுக்கு ஓவியத் தூரிகையால்தான் மகரந்தம் தொட்டேன். காய் பிடித்தது. ஆனால் தெருவில் இருக்கும் புங்கைக்கும் நாவலுக்கும் யார் தூரிகை எடுத்துப் போவது?

இந்த நகரத்தில் தேனீ வாழ முடிகிறது என்றால் அதற்குப் பின்னால் மனிதர்களும் இருக்கிறார்கள். 1760இல் ஹைதர் அலி லால்பாக் தோட்டத்தைத் தொடங்கினார். தமிழ்ப் பகுதியிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் திகளர்கள் இந்த ஊரின் தோட்டத் தொழிலைத் தலைமுறைகளாகத் தாங்கினார்கள். பின்னால் லால்பாகின் பொறுப்பில் இருந்த ஜெர்மானியர் கிரும்பீகல், ஒரு மரம் பூத்து ஓய்ந்தால் இன்னொன்று பூக்கும்படி ஆண்டு முழுக்கத் தெருக்களில் பூ இருக்க வேண்டும் என்று திட்டமிட்டு நட்டார். சாலையை அகலப்படுத்த ஒரு மரத்தை வெட்டும்போது நிழல் போகிறது என்று எல்லோரும் சொல்கிறோம். ஒரு மாதத்துத் தேனும் மகரந்தமும் போவதை யாரும் கணக்கில் வைப்பதில்லை. அந்த மாதம் பட்டினி கிடந்த கூட்டம் அடுத்த மாதம் நம் மாடிக்கு வருமா?

காய் பிடித்த பிறகு வேலை எளிது. ஒன்றை மட்டும் முடிவு செய்ய வேண்டும்: சாப்பிடவா, விதைக்கா? பிஞ்சாகப் பறித்துக்கொண்டே இருந்தால் அவரை பூத்துக்கொண்டே இருக்கும். காய் முற்றி விதை உறுதியானால் கொடி பூப்பதைக் குறைத்துக்கொள்ளும். அதனால் விதைக்கென்று ஒரு கொடியைத் தனியே விட்டுவிடுவது நல்லது. காய் கொடியிலேயே காய்ந்து, ஆட்டினால் உள்ளே விதை கலகலக்க வேண்டும். நிழலில் உலர்த்தி, சலித்த அடுப்புச் சாம்பலில் புரட்டி வைத்தால் வண்டு அண்டாது. அவரை பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறும், ஆகவே தாயைப் போலவே பிள்ளை வரும். தக்காளியில் விதையைச் சுற்றியிருக்கும் வழவழப்பு முளைப்பைத் தடுக்கும். சாறோடு கிண்ணத்தில் இரண்டு நாள் புளிக்கவிட்டு, அலசி, காயவைக்க வேண்டும். கடைத் தக்காளி பெரும்பாலும் கலப்பினம், அதன் விதை அடுத்த தலைமுறையில் பலவிதமாகப் பிரியும். ஹெசரகட்டா தோட்டக்கலை ஆய்வு நிறுவனத்தின் அர்கா ரக்ஷக் கலப்பினம், அதற்கு ஒவ்வொரு முறையும் புது விதை வாங்க வேண்டும். அதே நிறுவனத்தின் அர்கா விகாஸில் நாமே விதை எடுத்து வைக்கலாம்.

பரங்கி விதை எடுப்பதற்குத்தான் கொஞ்சம் கவனம் தேவை. பக்கத்து மாடியில் வேறு ரகம் இருந்தால் தேனீ இரண்டையும் கலந்துவிடும். மறுநாள் விரியப்போகும் ஆண்பூவும் பெண்பூவும் முந்தின மாலையே நுனி மஞ்சளித்துத் தெரியும். இரண்டின் வாயையும் நூலால் கட்டிவிடுங்கள். விடிந்ததும் ஆண்பூவைப் பறித்து, இதழை உரித்து, பெண்பூவைத் திறந்து சூல்முடி முழுக்க நன்றாகத் தடவி, திரும்ப மூடிக் கட்டுங்கள். காம்பில் அடையாளத்துக்கு வண்ண நூல் ஒன்று கட்டிவிட்டால் வீட்டில் யாரும் அவசரப்பட்டுக் கூட்டுக்குப் பறித்துவிட மாட்டார்கள். காம்பு தக்கைபோலக் காய்ந்த பிறகு அறுத்து, இன்னும் சில வாரம் வீட்டில் வைத்திருந்து பிறகு வெட்டுங்கள். உள்ளே இருக்கும் விதை அந்த வாரங்களிலும் முற்றிக்கொண்டேதான் இருக்கும்.